விருப்பப்பட்டுப் போகிறவர்கள்

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காலையிலேயே வரிசை தொடங்கியிருந்தது. வெயில் ஏறி நிழல் நகர, வரிசையும் அதோடு வளைந்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஒரு பழைய நெல் கிட்டங்கியைச் சாக்குத் தடுப்புகளால் பிரித்து இலங்கை அகதிகளைக் குடிவைத்திருந்தார்கள். தொண்ணூற்றிரண்டாம் வருசத்துத் தை மாதம் அது. திரும்பிப் போகச் சம்மதிக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்க வருவாய் ஆய்வாளர் வந்திருந்தார்.

செல்லத்தாய் வரிசையின் நடுவில் நின்றாள். அவளுடைய அக்கா வெள்ளத்தாய் வரிசைக்கு வெளியே, அவளை ஒட்டியே நகர்ந்துகொண்டிருந்தாள். அக்கா முகாம்காரி இல்லை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போயிப் படுக்கா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

"நான் அங்கிட்டுப் போனா நீ கையெழுத்தப் போட்டுருவ. எனக்குத் தெரியாதாக்கும்."

கண்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், ஒரே அறையில் பிறந்தவர்கள் இருவரும். தாத்தா ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கூமாப்பட்டியிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர். தோட்டத்து ஆட்களை இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டபோது, கல்யாணமாகியிருந்த வெள்ளத்தாய் புருசன் வீட்டாரோடு இந்தியாவுக்கு என்று ஆனாள். அப்பா தனக்கும் சின்னவளுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்டார். அது கிடைத்த அன்று லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். தலைமன்னாரில் கப்பலேறும்போது வெள்ளத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சின்னவள் கொடுத்துவைத்தவள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

தாயகம் திரும்பியவள் என்பதால் வெள்ளத்தாய்க்கு மில்லில் வேலை கொடுத்தார்கள். செல்லத்தாய், அப்பா இறந்த பிறகு வந்த இனக்கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனாள். அங்கே நடந்த சண்டையில் புருசனைப் பறிகொடுத்தாள். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறி வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்யப் போனாள். போன வருசத்திலிருந்து முகாம் ஆட்கள் வெளியே வேலைக்குப் போவதைத் தடுத்துவிட்டார்கள். தறிக்காரர் வேறு ஆள் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடம் திறந்தபோது, அகதிப் பிள்ளைகளைச் சேர்க்க உத்தரவில்லை என்று மகளையும் திருப்பி அனுப்பினார்கள். அவள் தடுப்புக்குள் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

செல்லத்தாயின் முறை வந்ததும் வெள்ளத்தாய் முந்திக்கொண்டாள்.

"அய்யா, இவ எங்கூடப் பொறந்தவ. நான் இந்தியாக்காரி, ஓட்டுப் போடுதேன். என் ரேஷன் கார்டுல இவளையும் பிள்ளையையும் சேத்துவிடுங்க. நான் வச்சுக் காப்பாத்திக்கிடுதேன்."

வருவாய் ஆய்வாளர் சௌந்தரபாண்டியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "கூடப்பொறந்தா மட்டும் ஆகாதும்மா. நீ ஒப்பந்தத்துல வந்தவ. அவ அகதி."

"ஒரே தாத்தாய்யா எங்களுக்கு. கூமாப்பட்டியில இன்னமும் பங்காளிக இருக்காக. நான் தாண்டி வந்த கடலைத்தான அவளும் தாண்டி வந்தா?"

"நீ இந்தியா பாஸ்போர்ட் வாங்கிக் கப்பல்ல வந்த. அவ படகுல வந்தா. சட்டம் அதத்தான் பாக்கும்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "பேச்சக் கேட்டா எங்க ஊரு சுந்தரபாண்டியத்துப் பொம்பள மாதிரிதான் இருக்கு. எனக்குத் தெரியாமயா? எங்கையில ஒண்ணும் இல்லம்மா."

அவர் தாளைச் செல்லத்தாய் பக்கம் நகர்த்தினார். அதில் எல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

"விருப்பப்பட்டுத்தான போறீங்க? கட்டாயம் ஒண்ணும் கெடையாது. கேக்கணும்னு உத்தரவு, அதான் கேக்கேன்."

"விருப்பமில்லன்னா என்னாங்கய்யா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. இங்கனயே இருக்கலாம்."

"வெளிய தறிக்குப் போகலாங்களா?"

"அதுக்கு அனுமதி கெடையாதும்மா."

"பிள்ளைய ஸ்கூல்ல சேப்பாங்களா?"

அவர் பேனாவின் மூடியைத் திருகினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப விருப்பந்தாங்கய்யா" என்றாள் செல்லத்தாய். பேனாவை வாங்கித் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

வெள்ளத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, அங்க ஆரு இருக்கா ஒனக்கு? குண்டு போடுற ஊருக்கா பிள்ளையக் கூட்டிட்டுப் போற?"

"ஆரும் இல்லக்கா." செல்லத்தாய் அவளைக் கைகொடுத்துத் தூக்கினாள். "ஆனா அங்க பள்ளிக்கூடத்துல எம்பிள்ள பேரை எழுதிக்கிடுவாங்க. நீ யாரு, எப்பிடி வந்தேன்னு கேக்க மாட்டாங்க."

மாசியில் ஒரு நாள் விடிகாலையில், கையெழுத்துப் போட்டவர்களை ஏற்றிப்போகப் பஸ் வந்தது. சாமான்களை ஏற்றி முடிப்பதற்குள் ஆட்கள் அவர்களுடைய தடுப்புச் சாக்குகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஷிப்ட் விட்டு வெள்ளத்தாய் ஓடி வந்தபோது பஸ் கிளம்பியிருந்தது. பின்னாலேயே வந்த டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ஊரைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. முன்னால் போலீஸ் ஜீப், அடுத்து முகாம் பஸ், அதற்குப் பின்னால் டவுன் பஸ்.

இறங்கி ஓடினாள். படிக்கட்டில் நின்ற போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் தங்கச்சிகூட வாரேன் சார். உள்ள அம்புட்டு சீட்டுக் காலியாக் கெடக்கே."

"இந்தியாக்காரங்க இதுல ஏறக்கூடாதும்மா."

அவள் ஜன்னல் பக்கம் போனாள். மகள் அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் கம்பிக்கு வெளியே கைநீட்டி, அக்காவின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பாசஞ்சர் ரயில் தடதடத்து வந்தது.

"கைய உள்ள எடும்மா" என்று போலீஸ்காரர் லத்தியால் தகரத்தைத் தட்டினார்.

ரயில் கடந்து கேட் உயர்ந்தது. ஜீப்பும் முகாம் பஸ்ஸும் தண்டவாளத்தைத் தாண்டிப் போயின. நடுரோட்டில் நின்றவளைப் பார்த்து டவுன் பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். வெள்ளத்தாய் நகரவில்லை.