மட்டக்குதிரைக்குப் போட்ட கோட்டு

ஆறு குளிர்காலமாக மெர்ரன் தன் கணவன் கிப்பியிடம் கெஞ்சியது ஒரே ஒரு காரியத்துக்காக. மேய்ச்சல் நிலத்து வாசலில் நாலு டிராக்டர் சரளை கொட்ட வேண்டும். அவளுடைய ஐந்து மட்டக்குதிரைகளும் வைக்கோலுக்காக அங்கேயே காத்துக் கிடந்து மிதித்ததில், அக்டோபரில் சேறான வாசல் மே மாதம் வரை சேறாகவே இருக்கும். போன வாரம்கூட அவளுடைய ரப்பர் பூட்ஸ் ஒன்று சேற்றோடு போய்விட, வெறும் காலுறையோடு நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கிப்பியின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மழை விடட்டும், பாக்கலாம்." ஷெட்லாண்ட் தீவுகளில் மழை விடுவதாவது!

அந்த மனிதன்தான் இப்போது கொட்டுகிற மழையில் பக்கத்து நிலத்து வாசலில் சரளை கொட்டிக்கொண்டிருந்தான். மெர்ரன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிலத்துக்காரி ரோனா மஞ்சள் மழைக்கோட்டில் அவன் பக்கத்தில் நின்று என்னவோ சொன்னாள். கிப்பி சிரித்தான். அவனுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா என்று மெர்ரனுக்கு வயிறு எரிந்தது.

ரோனா லெர்விக் டவுன்காரி. மாமா விட்டுப்போன நிலத்துக்கு இலையுதிர் காலத்தில் தனியாக வந்து குடியேறினாள். புருஷனை எப்போதோ பிரிந்தாயிற்று. அவளிடம் இருந்தது ஒரே ஒரு மட்டக்குதிரை, பழுப்பு நிறம், பெயர் மஃபின். தின்கிற பண்டத்தின் பெயரைக் குதிரைக்கு வைக்கிறவளை என்ன சொல்வது?

மத்தியானம் கிப்பி சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது மெர்ரன் ஆரம்பித்தாள்.

"அவ வாசல்ல மட்டும் மழை பெய்யலையோ?"

"ஒத்தப் பொம்பள. கேட்டா. செஞ்சு குடுத்தேன்."

"நானுந்தான் கேட்டேன். ஆறு வருஷமாக் கேட்டேன்."

"நீ எப்படியும் சமாளிச்சுக்குவே, மெர்ரன்."

அவன் அதை நல்ல வார்த்தையாகத்தான் சொன்னான். அவளுக்கு அது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. சமாளிக்கத் தெரிந்தவளுக்குச் சேறு, சிரிக்கத் தெரிந்தவளுக்குச் சரளை. மறுநாள் ரோனா கொடுத்தனுப்பிய கேக்கை அவள் அப்படியே கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் ரசித்துத் தின்றன; அதுவும் பிடிக்கவில்லை.

டிசம்பரில் ரோனா தன் குதிரைக்கு நீல நிற வாட்டர்ப்ரூஃப் கோட்டு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தாள். அந்தத் தீவில் யாரும் மட்டக்குதிரைக்குக் கோட்டு போடுவதில்லை. எவ்வளவு மழை பெய்தாலும் மேல்முடியில் தண்ணீர் வழிந்து போய்விடும். அடிமுடியும் அதிலுள்ள பிசுக்கும் தோலைக் காய்ந்தபடியே வைத்திருக்கும். மேலே அப்பிக்கிடக்கும் சேற்றைக்கூடக் கழுவாமல் விட்டுவிடுவார்கள். அப்படியே கோட்டு போட்டாலும் தினமும் கழற்றி, விரல்களை முடிக்குள் விட்டு மெலிந்திருக்கிறதா என்று விலா எலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். ரோனா ஒரு நாளும் கழற்றியதாக மெர்ரன் பார்க்கவில்லை. ஜனவரி நடுவில் தையலோரம் கறுத்து, உள்ளே தண்ணீர் இறங்குவது தெரிந்தது. அப்புறம் மஃபின் கல்சுவரோடு தோளைத் தேய்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தது.

ஒரு வார்த்தை போதும். வேலியோரம் போய், "அந்தக் கோட்ட அவுத்துப் பாரும்மா" என்று சொன்னால் முடிந்தது. மெர்ரன் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கிப்பியைத்தானே கேட்கிறாள், இதையும் கேட்கட்டும் என்று இருந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால், குதிரை சுவரில் தேய்ப்பதைப் பார்க்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்படியே மூன்று வாரம் போயிற்று.

பிப்ரவரியில் ஒரு காலை ரோனா மெர்ரன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"அக்கா, மஃபின் நேத்துலேருந்து ஒண்ணும் திங்கல. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

குதிரை சேற்றில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மெர்ரன் வார்களை அவிழ்த்து, கனத்துக் கிடந்த கோட்டை உருவினாள். அழுகல் நாற்றம் அடித்தது. கோட்டோடு முடியும் பொருக்கும் கொத்துக்கொத்தாக வந்தன. தோள் இரண்டும் பச்சைப் புண். கைவைத்த இடமெல்லாம் எலும்பு.

இருவருமாகத் தள்ளித் தாங்கிப் பக்கத்திலிருந்த கொட்டகைக்குள் கொண்டுவந்தார்கள். மெர்ரன் வைக்கோலைப் பரப்பினாள், கால்நடை மருத்துவருக்கு போன் போட்டாள். மத்தியான ஃபெர்ரிப் படகில்தான் வர முடியும் என்றார். ஒரு துண்டை எடுத்துப் புண்களைச் சுற்றி மெல்ல ஈரத்தை ஒற்றி எடுக்க ஆரம்பித்தாள்.

"பொழைச்சுக்குமா?"

"தெரியல."

ரோனா குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"கோட்டு போடலாமான்னு கிப்பி அண்ணங்கிட்டத்தான் கேட்டேன். 'எனக்குக் கல்லும் மண்ணுந்தான் தெரியும். குதிரைன்னா மெர்ரன்தான், இந்தத் தீவுலயே அவளுக்கு மேல ஆள் கெடையாது, அவளப் போய்க் கேளு'ன்னாரு. எப்பக் கேட்டாலும் இதேதான். உங்க பேச்சத் தவிர அந்த மனுசனுக்கு வேற பேச்சே கெடையாது."

மெர்ரன் துண்டைப் பிழிந்துவிட்டு அடுத்த புண்ணுக்குப் போனாள்.

"வரணும்னுதான் நெனச்சேன். நீங்க என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க, பயமா இருந்துச்சு. அப்புறம் நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அக்காதான் ஜன்னல்லருந்து தெனமும் பாக்குறாங்களே, தப்பா இருந்தா சொல்லாமயா இருப்பாங்கன்னு." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "அங்கேருந்து உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்ல அக்கா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல தூரம், அதிலும் மழை. ரோனா நம்பியிருப்பாள், நம்பத்தான் அவள் ஆசைப்பட்டாள். மஃபின் மூச்சு விடும்போது விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்து அடங்கின.

"தெரிஞ்சுது," என்றாள் மெர்ரன். "மூணு வாரமாத் தெரிஞ்சுது."

ரோனா குதிரையின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மெர்ரனின் கையிலிருந்த துண்டை வாங்கி, தானே ஒற்ற ஆரம்பித்தாள்.