கொண்டை ஊசி

பெட்டிக்கு அளவெடுத்த கயிற்றையே பீட்டர்ராஜ் கார் ஷெட்டுக்கும் தூக்கிக்கொண்டு போவதை ஜெபராணி பார்த்துவிட்டாள்.

சற்று முன்புதான் அந்தக் கயிற்றை அவள் புருஷன் ஞானசிகாமணியின் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நீட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பெட்டி செய்கிற ஆசாரி அளவைக் குறித்துக்கொண்டு கிளம்பியதும் கயிற்றின் வேலை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் செத்தவருடைய தம்பி பீட்டர்ராஜ் எதையும் ஒரே வேலையோடு விடுகிற ஆளில்லை.

ஜெபராணி எழுந்தாள். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கத்தா எந்திரிக்கிற? தலமாட்டுல உக்காரு. வாறவுக போறவுக என்ன நெனப்பாக?"

"இந்தா வந்துர்றேன் மதினி."

காலையிலிருந்து இதே கதைதான். உட்காருவாள், எழுவாள், ஷெட்டை எட்டிப் பார்ப்பாள், வருவாள். புருஷன் செத்த வீட்டில் பெண்டாட்டி இப்படி இருப்புக்கொள்ளாமல் அலைந்தால் தெரு சும்மா இருக்குமா? பீரோ சாவி எங்கோ கிடக்கிறது என்றார்கள் சிலர். சித்தம் கலங்கிவிட்டது, பாவம் என்றார்கள் சிலர். அழுகிற அழுகை போதாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து.

ஷெட்டில் பீட்டர்ராஜும் மெக்கானிக் ஒச்சாண்டியும் காரின் மேல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முன் கண்ணாடிய மடக்கிட்டம்னா பெட்டி தாராளமா நிக்கும்ணே," என்றான் ஒச்சாண்டி. "பக்கத்துச் சீட்ட கழட்டிருவம். குறுக்க ரெண்டு பலக. பெட்டியப் பிடிச்சுக்கிற ரெண்டு ஆளு. நான் ஓட்டுறேன்."

"நீ எதுக்குடா? நான் ஓட்டுறேன்."

ஷெட்டு வாசலில் வந்து நின்ற ஜெபராணி காரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

அந்தக் காரைத் தேனியில் தெரியாதவர்கள் இல்லை. மேகமலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து ஞானசிகாமணி வாங்கிவந்தது. பச்சை நிறம், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மாட்டிக்கொள்ள ஒரு கித்தான் மட்டும் உண்டு. சின்னமனூர் வழியாக அதை ஓட்டிவந்த நாளில் வயலில் நாற்று நட்டவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்களாம். பாதிக் கார் என்று முதலில் பெயர் வைத்ததே இந்தப் பீட்டர்ராஜ்தான். "அண்ணனுக்குப் பிள்ளைக்குட்டி இல்ல, அதான் ரெண்டே சீட்டு," என்று ஜவுளிக்கடையில் உட்கார்ந்து சொன்னதும் இவர்தான்.

ஞானசிகாமணி அதற்கெல்லாம் அசரவில்லை. கடைவீதியில் அவருக்குப் பெயிண்ட் கடை. கேட், கிராதி, மாட்டுவண்டிச் சக்கரப் பட்டா என்று எதில் துரு ஏறினாலும் ஊர் அவரிடம்தான் போகும். கடை வாசலில் காரை நிறுத்திவைப்பார். வருகிறவர்களிடம் வேறு விளம்பரம் பேசமாட்டார். "அங்கன பாருங்க. மலையில பதினஞ்சு வருசம், இங்கன பதினாலு வருசம். ஒரு பொட்டுத் துரு உண்டா? எல்லாம் நம்ம பெயிண்டு!"

துரு இருந்தது. அது அவருக்கும் ஜெபராணிக்கும் மட்டும் தெரியும்.

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம்வரை, நீளப் பெட்டிபோல் ஒரு இரும்புப் படி ஓடுகிறது. உள்ளே வெற்றிடம். கூரையில்லாத காருக்கு அதுதான் முதுகெலும்பு. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கினால் வெளியே போவதற்கு அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருந்தார்கள். கார் வந்த புதிதில் ஒச்சாண்டி, ரோடு போடுகிறவர்களிடம் ஒரு டின் தார் வாங்கிவந்து, "இனிமே இருவது வருசத்துக்குத் துருவுங்கிற பேச்சே இல்ல மொதலாளி," என்று வண்டியின் அடிவயிறு முழுக்கப் பூசிவிட்டான். ஓட்டைகளும் சேர்ந்து அடைபட்டன. உள்ளே போன தண்ணீர் உள்ளேயே தங்கிற்று. இரும்பு வெளியே பச்சையாகப் பளபளத்துக்கொண்டு உள்ளுக்குள் கரையத் தொடங்கியது.

ஞானசிகாமணிக்கு இது தெரிந்தபோது வெளியே சொல்ல வாயில்லை. பெயிண்ட் கடைக்காரனின் காரில் துரு என்றால் கடையை மூட வேண்டியதுதான். ஓட்டைகளைக் குத்தி விடலாம் என்றால் அவருடைய தொந்தி காருக்கடியில் நுழையாது. ஜெபராணி ஒல்லி. ஆகவே ஐப்பசி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஊரே சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், புருஷனும் பெண்டாட்டியும் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் சாக்கை விரித்து அடியில் போவாள். அவர் குனிந்து விளக்குப் பிடிப்பார். கொண்டை ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தித் தாரைப் பெயர்த்து, நின்ற தண்ணீரை வடியவிட்டு, எண்ணெய் ஊற்றுவார்கள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம்கூட வெளியே கேட்கும். சாத்திய ஷெட்டுக்குள் இந்த வயதில் என்ன சிரிப்பு என்று சந்தனம்மாள் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். யாருக்கும் தெரியவில்லை.

போன ஆடியில் ஞானசிகாமணி திருப்புளியால் படியைத் தட்டிப் பார்த்தார். திருப்புளி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பழைய பேப்பரைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்து, மேலே பட்டி வைத்துத் தேய்த்து, பச்சை அடித்தார். கிறிஸ்துமஸ் வியாபாரம் முடியட்டும், மதுரைக்குக் கொண்டுபோய்ப் படியை வெட்டிப் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். வெட்டுவதற்கு முன்னால் கதவு இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டுமாம். இல்லையென்றால் வண்டி நடுவில் மடங்கிவிடுமாம். அதற்காக வாங்கிய கம்பிகள் சிவப்பு பிரைமர் பூசி ஷெட்டு மூலையில் சாய்ந்திருந்தன.

அவற்றைத்தான் இப்போது ஒச்சாண்டி தூக்கிப் பார்த்து, "பலகைக்கடியில குடுக்க நல்லாருக்கும்," என்றான்.

"கொழுந்தனாரே," என்றாள் ஜெபராணி. "தோள்லயே கொண்டுபோயிரலாமே."

"என்ன மதினி நீங்க! கல்லறைத் தோட்டம் இங்கன பக்கத்துலயா இருக்கு? போடியில இருந்து எஞ் சம்மந்தகாரக வந்திருக்காக. இப்படியொரு காரு சும்மா கெடக்க, எங்கண்ணன் தள்ளுவண்டியிலயா போறது?"

பாதிக் கார் முழுக் காராகிவிட்டிருந்தது.

"சாவியக் காணோம்," என்றாள். சாவி அரிசிப் பானைக்குள் இருந்தது.

"சாவி எதுக்கும்மா? ரெண்டு ஒயரத் தொட்டா ஓடுதேன்," என்றான் ஒச்சாண்டி.

வீட்டுக்குள் வந்தாள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. ஞானசிகாமணி புதுச் சட்டையில், யாரோ கடன் கேட்டு வந்தது காதில் விழாதவர்போலப் படுத்திருந்தார். சபை பாஸ்டர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா ஏதும் சொன்னாகளாம்மா? பிரசங்கத்துல சேத்துக்கலாம்."

"ஒண்ணுமில்லங்கய்யா."

காலையிலிருந்து எல்லோரும் கேட்பது இதைத்தான். வசனம் சொன்னாரா, பாட்டுப் பாடச் சொன்னாரா, யாரையாவது தேடினாரா? அவள் எப்படிச் சொல்வாள்? விடியற்காலையில் கூரைத் தகரத்தில் தூறல் விழுந்தது. அவர் கண்ணைத் திறந்து, "ஓட்டையக் குத்திவிட்டியா?" என்றார். அவ்வளவுதான். இந்த ஐப்பசி முழுக்க அவருடைய மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் அவள் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. "ம்," என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் கூச்சல். காரை வெளியே தள்ளிவந்து நிறுத்தியிருந்தார்கள். பலகை தாங்குமா என்று பார்க்க பீட்டர்ராஜும் ஒச்சாண்டியும் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெபராணி மெழுகுவர்த்தி பக்கத்திலிருந்த தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். இடுப்பைப் பிடித்து நிறுத்தப் பார்த்த பெண்களை உதறிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தாள். கதவுக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் நடுவே இருக்கிற சந்தின் மேல்முனையில் குச்சியைச் செருகினாள். படி தாங்குகிறதா என்று ஞானசிகாமணி பார்க்கிற வழி அதுதான்; எப்போதும் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது போகவில்லை. சந்து இறுகிவிட்டது, நடு தொய்கிறது. இரண்டு ஆளுக்கே இப்படி. தேக்குப் பெட்டியும் அதற்குள் ஞானசிகாமணியும் சேர்ந்தால்? கடைவீதி நடுவில், அதுவும் அவருடைய கடைக்கு முன்னாலேயே வண்டி முறிந்து பெட்டி சரிவது அவள் கண்ணில் வந்து நின்றது. பதினாலு வருஷமாகச் சிரிக்கக் காத்திருக்கிற ஊர்.

"காருக் கதவுல தீக்குச்சியச் சொருகுதே," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "போச்சு, முழுசாக் கலங்கிருச்சு."

"எறங்குங்க கொழுந்தனாரே."

"என்ன மதினி?"

"எறங்குங்கன்னு சொல்றேன்ல." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வாசல்படியில் வந்து நின்ற பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "ஐயா, கடைசி வார்த்த கேட்டீகள்ல. சொன்னாக. நாந்தேன் மறச்சிட்டேன்."

சந்தனம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"என்னைய ஆளுக தோள்ல கொண்டுபோங்க. காரு ஆளில்லாம எனக்கு முன்னால போகட்டும். அதுல ஆரும் ஏறக் கூடாது. அப்பிடின்னு சொன்னாக."

அந்த மனுஷர் கல்யாணமான நாளிலிருந்து, பெயிண்டைப் பற்றித் தவிர, ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த உலகத்து வாகனம் வெறுமையாக முன்னே போகிறது என்று அங்கேயே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். "என்ன ஒரு மனுசன்!" என்று சந்தனம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

பீட்டர்ராஜ் மட்டும் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். "ஆளில்லாம எப்படி மதினி காரு போகும்?"

"தள்ளித்தேன்."

அப்படித்தான் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பச்சைக் கார். அதன் பக்கத்தில், கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகியபடி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பீட்டர்ராஜ். பின்னால் ஒச்சாண்டியும் இன்னும் சிலரும் குனிந்து தள்ளினார்கள். பிறகு தோள்களில் பெட்டி. அதற்குப் பின்னால் கீர்த்தனை பாடிக்கொண்டு பெண்கள், நடுவில் ஜெபராணி. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியின் மேல் குடை பிடித்திருந்தார்கள். கித்தானை மடக்கிய காருக்குள் தூறல் நேராக இறங்கியது. அவள் பெட்டியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைவீதியில் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி நின்றார்கள். "பாருங்கப்பா," என்றார் ஒருவர் பக்கத்துக்காரரிடம். "எத்தன வருசம்! ஒரு பொட்டுத் துரு உண்டா? சிகாமணி கடப் பெயிண்டுன்னா சும்மாவா!"

ஜெபராணி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று பெண்கள் திருப்திப்பட்டார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. போடி ரயில் வரும்வரை நிற்க வேண்டும். தோள் மாற்றினார்கள். பீட்டர்ராஜ் பெருமூச்சு விட்டு, கதவுமேல் கையை ஊன்றி, உட்காருவதற்குத் தோதாக ஒரு காலைத் தூக்கினார்.

"ஏறாதீக!"

கீர்த்தனை நின்றது. கேட்காரன்கூடக் கூண்டைவிட்டு எட்டிப் பார்த்தான். பீட்டர்ராஜ் தூக்கிய காலை மெல்ல இறக்கினார்.

"அண்ணன் வாக்குல்ல," என்று யாரிடமோ சொன்னார்.

ரயில் போய்க் கேட் திறந்தது. முன் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது ஒரு சத்தம் கேட்டது, முறத்தில் உளுந்து புரண்டாற்போல. பின் சக்கரம் இறங்கியபோது மறுபடியும். மற்றவர்கள் பாட்டை விட்ட இடத்தில் பிடித்திருந்தார்கள். பெட்டி தண்டவாளத்தைத் தாண்டியதும் அவள் அந்த இடத்துக்கு வந்தாள். ஈரக் கல்லின் மேல் காப்பித்தூள் சிந்தியதுபோல் ஒரு கைப்பிடி கிடந்தது. நடக்கிற நடையிலேயே வெறுங்காலால் அதைத் தேய்த்துவிட்டாள்.

"என்னத்தா மிதிச்ச?"

"ஒண்ணுமில்ல மதினி. கல்லு."

கல்லறையில் எல்லாம் முறைப்படி முடிந்தது. மண் போட்டார்கள், பாடினார்கள். பாஸ்டர் அந்தக் கடைசி வார்த்தையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். வெறும் காரை வீட்டுக்குத் தள்ளிவரும்போது பீட்டர்ராஜைத் தவிர எல்லோருக்கும் அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டிருந்தது.

வீடு கழுவி விட்டிருந்தார்கள். சந்தனம்மாள் ஒரு பானைக் கறுப்புக் காப்பியோடு வந்தாள். போடி ஆட்கள் பஸ் நேரம் விசாரித்தார்கள். ஜெபராணி கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். எழுந்தாள்.

"இன்னுமாத்தா நெலகொள்ளல?"

ஜெபராணி ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சந்தனம்மாள் காப்பிப் பானையை அப்படியே வைத்துவிட்டு வந்து பலகைச் சந்தில் கண்ணை வைத்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்க்க நினைத்தது. காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வெறும் பாதங்கள்தான் தெரிந்தன.

அடியில் சாக்கு ஈரமாக இருந்தது. ஜெபராணி கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி அவிழ்ந்து தரையில் பரவியது. விரலால் தடவி முதல் ஓட்டையைக் கண்டுபிடித்து, தார் பெயரும்வரை குத்தித் திருகினாள். பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி வெள்ளை ரவிக்கையின் கைப்பக்கம் வழிந்தது. அது சொட்டுச் சொட்டாகி நிற்கும்வரை அப்படியே கிடந்தாள்.

பிறகு, "விளக்க இங்கிட்டுக் காட்டுங்க," என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, இருட்டிலேயே கையை நீட்டி அடுத்த ஓட்டையைத் தடவத் தொடங்கினாள்.