ஆறாம் புள்ளி

கணிதப் போட்டியின் கடைசி வினா அது. சரியாக விடையளிக்கும் அணிகளுக்கே இறுதிச்சுற்றில் இடம். வட்டத்தின் விளிம்பில் ஆறு புள்ளிகள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைக்க வேண்டும். உள்ளே மூன்று கோடுகள் ஓரிடத்தில் சந்திக்கக் கூடாது. வட்டம் எத்தனை துண்டுகளாகும்?

அக்காளும் தங்கையும் ஓர் அணி. அக்காள் விறுவிறுவென்று விடையை எழுதிவிட்டாள். "ஒரு புள்ளிக்கு ஒண்ணு. அப்புறம் ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. அடுத்தது முப்பத்திரண்டு. பச்சப்புள்ள கூடச் சொல்லிடும்டி!"

"பச்சப்புள்ள சொல்லட்டும்க்கா. எனக்கு முப்பத்தொண்ணுதான் வருது," என்றாள் தங்கை.

"எங்கயோ ஒண்ண எண்ணாம விட்டுட்ட. கண்ணாடியத் தொடச்சுப் போடு."

"நான் எண்ணவே இல்லியே!" தங்கையின் குரலில் தயக்கமில்லை, வழி அவளுக்கு உச்சிப்பொழுதுபோல் தெளிந்திருந்தது. "முழு வட்டம் ஒரு துண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு துண்டக் கூட்டும். கோடுங்க வெட்டிக்கிற ஒவ்வொரு இடமும் இன்னொண்ணக் கூட்டும். கோடு பதினஞ்சு. எந்த நாலு புள்ளிய எடுத்தாலும் ஒரு வெட்டு, அதுவும் பதினஞ்சு."

அக்காள் அதே வழியில் ஐந்து புள்ளிகளுக்குக் கணக்கிட்டாள். ஒன்றும் பத்தும் ஐந்தும் சேர்ந்து பதினாறு அச்சுப்பிசகாமல் வந்தது. பழைய விடையை அடித்துத் திருத்தினாள்.

நடுவர் "முப்பத்தொன்று" என்று அறிவித்ததும் அரங்கெங்கும் 'ஐயோ' என்ற ஒலி எழுந்தது. அக்காள் எழுந்து தங்கையின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

"வாடி வாயாடி. இறுதிச்சுற்றுக்கு முன்வரிசையில போய் உக்காருவோம்."