நாலாவது விளக்குக் கம்பம்

எங்கள் ஊரில் ஏறுவதற்கென்று இருப்பது ரயில்வே மேம்பாலம் மட்டும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வாய்க்கால், மறுபடி வயல். இங்கே வளர்ந்த கால்களுக்கு மேடு பழக்கமில்லை. அதனால் சீர்காழியில் பைப் கடை வைத்திருக்கும் ஜாஃபர் சாதிக், "மாப்ள, தேனிப் பக்கம் மலைக்காட்டுல ரெண்டு நாள் நடை. நீயும் நானும் போவோம்" என்றபோது எனக்குச் சந்தேகம் வந்தது.

அவர் என் அக்கா ஹாஃபிஸா லாத்தாவைக் கட்டப்போகிறவர். அடுத்த மாதம் நிக்காஹ். அந்த நேரத்தில் பெண்ணின் தம்பியை எவன் காட்டுக்குக் கூப்பிடுவான்?

இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் கத்தாருக்குப் போனவர் எட்டே மாதத்தில் திரும்பிவிட்டார். ஏனென்று கேட்டால் "புடிக்கல" என்பார். எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மெடிக்கலில் அன்ஃபிட். நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு விமானம் ஏற்றியிருப்பார்கள். நோயை மறைத்து லாத்தாவைக் கட்டுகிறாரா என்று நிக்காஹுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வாப்பாவிடம் சொன்னேன்.

"நீயும்தான் மெட்ராஸ்ல நைட் ஷிஃப்ட்ட பாதியில விட்டுட்டு வந்தே. கேட்டா புடிக்கலங்கிறே. நாங்க நம்பலையா?" என்றார்.

 மலைக்கு வருகிறேன் என்று ஜாஃபர் சாதிக்கிடம் சொல்லிவிட்டேன். வாய் பொய் சொல்லலாம், ஏற்றத்தில் மூச்சு சொல்லாது.

இருவருக்கும் எதுவும் தெரியாது. வீடியோ பார்த்துத் தயாரானோம். புது ஷூவை வீட்டுக்குள் போட்டு நடந்து பழகச் சொன்னது ஒன்று. நடந்தேன். "தொழுவுற எடத்துலயாடா" என்று உம்மா விரட்டினார். முதுகுப் பையில் எடை வைத்து ஏறச் சொன்னது இன்னொன்று. எடைக்குக் கையில் இருந்தது நெல்தான். ஆளுக்கு எட்டு கிலோ கட்டினோம். பைகள் எங்கள் வீட்டில் இருந்தன. தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அவர் வருவார், மேம்பாலத்தில் பத்துத் தடவை ஏறி இறங்குவோம்.

ஒவ்வொரு ஏற்றத்திலும் நாலாவது விளக்குக் கம்பம் வந்ததும் அவர் குனிவார். "இரு மாப்ள, லேஸு."

மூன்றாம் நாள் உற்றுப் பார்த்தேன். லேஸில் இரட்டை முடிச்சு இருந்தது. அவிழவே இல்லை. முகத்தைத் தரையைப் பார்க்க வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார் என்று முடிவு செய்தேன்.

ஆறாம் நாள் அவர் வருமுன் அவருடைய பையில் இன்னும் ஐந்து கிலோ நெல்லைத் திணித்தேன். கேவலமான வேலைதான். லாத்தா கழுத்தில் கருகமணி ஏறுவதற்கு முன்னால் இந்த ஆள் விழுந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

அவர் விழவில்லை. அதே கம்பத்தில் மட்டும் குனிந்தார். பத்தாம் நாள் கேட்டுவிட்டேன்.

"மச்சான், லேஸு அவுரவே இல்ல. எதுக்குக் குனியிறீங்க? கத்தார்ல டாக்டர் என்ன சொன்னான்?"

நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை, அவ்வளவுதான்.

"ஒன் சத்தத்த நீயே கேளு" என்றார். "இந்தக் கம்பம் வந்தா ஒனக்கு மூச்சு விசிலடிக்குது. நில்லுன்னு சொன்னா நிப்பியா? அதான் லேஸு."

அந்த விசில் என் காதிலும் விழுந்தது.

"ஹாஃபிஸா ஒன் பேண்ட்டத் தொவைக்க எடுத்தப்ப ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்துச்சாம். ஆபீஸ் லிஃப்ட் வாசல்ல விழுந்து கெடந்தியாமே, அதுல எழுதியிருந்துச்சாம். அவ கேட்டா சண்டைக்குப் போவே. மலைக்குன்னா ஃபாரஸ்ட்காரங்க டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, அப்படியாவது ஒடம்பக் காட்டுவேன்னு என்னைய அனுப்புனா."

விழுந்தது உண்மை. ஷிஃப்ட் முடிகிற நேரம். அதோடு வேலையை விட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"அப்ப கத்தாரு?"

"அம்பது டிகிரி வெயில்ல மொட்டமாடியில நின்னு பைப் மாட்டச் சொன்னான். புடிக்கல."

நம்பவில்லை. அன்று மாலை டாக்டரிடம் அவரைத்தான் முதலில் உட்கார வைத்தேன். இரண்டு நிமிடத்தில் கையெழுத்து விழுந்தது. என் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை டாக்டர் சீக்கிரம் எடுக்கவில்லை. சான்றிதழை ஒதுக்கிவிட்டு வேறு சீட்டு எழுதினார். தஞ்சாவூரில் இதய டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவரை மாடிப்படிகூட வேகமாக ஏறக் கூடாது.

வீட்டுக்கு வந்து பைகளை அவிழ்த்தோம். தன் நெல் மூட்டையை அவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர். கையிலேயே எடை தெரியும். அதை நான் யோசித்திருக்கவில்லை.

"எட்டுன்னு கட்டுனோம். ஆறாம் நாள்லேர்ந்து பதிமூணு. எலி கொண்டாந்து போட்டுச்சா மாப்ள?"

"தெரிஞ்சும் ஏன் தூக்குனீங்க?"

"நீ எதத் தேடுறேன்னு தெரிஞ்சுது. தேடட்டும்னு விட்டேன்."

நெல்லை டிரம்மில் கொட்டினேன்.

"லாத்தாகிட்ட சொல்லிடாதீங்க மச்சான்."

"எத? டாக்டர் சொன்னதையா, நெல்லையா?"

"ரெண்டையும்."

"கட்டிக்கப் போறவகிட்ட ரெண்டெல்லாம் மறைக்க முடியாது. ஒண்ணு மறைக்கிறேன். எதுன்னு நீ சொல்லு."

அடுப்படியிலிருந்து லாத்தாவின் குரல் வந்தது. "ஹஸ்ஸான், சர்டிபிகேட் குடுத்துட்டாங்களா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெல்ல மறச்சிடுங்க" என்றேன்.