பால் கதவுக்குள் ஒரு ரவுட்டர்

1.

இந்தக் கதை ஒரு தப்பான ஊகத்தில் பிறந்தது. எதிர்வீட்டு ஆர்விட் என் கதவைத் தட்டி, "நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே?" என்று கேட்டார். என் இந்திய முகத்தைப் பார்த்தே அவர் முடிவு கட்டிக்கொண்ட விஷயம் அது. நான் காகித ஆலையில் மரக்கூழைச் சோதிக்கிறவன். அதைச் சொன்னேன்.

"இருக்கட்டுமே, என்னைவிடக் கொஞ்சமாச்சும் தெரியும்ல? வாங்க, காப்பி இருக்கு. என் பொண்டாட்டி ஐலி மாடியில கெடந்து தவிக்கிறா."

கடல்போன்ற ஏரியின் கரையில் இருக்கும் துலூத்தில், பனி கொட்டும் டிசம்பர் மாதம் காப்பிக்குக் கூப்பிட்டால் யாரும் மறுப்பதில்லை. போனது அவர்கள் வீட்டு வைஃபையைப் பார்க்க. வெளியே வரும்போது என்னிடம் ஒரு கதை இருந்தது, முடிவு மட்டும் இல்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நூறு வயதைத் தாண்டிய அந்த மூன்று அடுக்கு வீடு ஏரியைப் பார்த்தபடி—

வேண்டாம். வீட்டில் தொடங்கினால் ஜன்னல், கூரை என்று எழுதிக்கொண்டே போவேன், ஆள் வரமாட்டார்கள். இரண்டாவது முயற்சி:

கைசாவின் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நின்றது.

இது பரவாயில்லை, இருக்கட்டும். கைசா அவர்களுடைய ஒரே மகள். இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் வேலை. நடு ஏரியில் சிக்னல் எதுவும் கிடைக்காது. ஏரியின் கோடியில் இருக்கும் சூ கால்வாயைக் கப்பல் கடக்கும் கொஞ்ச நேரத்தில்தான் வீட்டுக்கு வீடியோவில் பேசுவாள்.

ஐலி பின்வாசல் படியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, மாடிப் படுக்கையறையில் இருந்தாள். படி இறங்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வைஃபையோ படி ஏறமாட்டேன் என்றது. போன முறை கைசா, "அம்மா, நான் நல்லாத்தா—" என்றதோடு படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி. குரலும் கரகரப்பாக இருந்தது.

அந்த உறைந்த படத்தை ஐலி மனத்துக்குள் மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். சளியா, அழுகையா? பெற்றவளுக்கு ஒரு பார்வை போதும், ஆனால் அந்த ஒரு பார்வை கிடைக்கவில்லை. அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை கப்பல் கால்வாய்க்கு வரும்போது மகள் முகத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும்.

3.

ஆர்விட்டை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவரை வெறும் பிடிவாதக்காரராக எழுதியிருந்தேன். பிடிவாதம் உண்மைதான். இணையக் கம்பெனி ஆள் கம்பி இழுக்க வந்தபோது, "இந்தச் சுவத்துல ஓட்டை போட்டா உங்க தலையிலயும் போடுவேன்" என்றாராம். ஏற்கெனவே இருந்த ஓட்டை ஒன்றைத்தான் காட்டியிருக்கிறார்: பால் கதவு.

அது அடுக்களைச் சுவருக்குள் பதித்த தகரப் பெட்டி. தெருப்பக்கம் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு கதவு. அந்தக் காலத்தில் பால்காரர் வெளியிலிருந்து புட்டியை வைத்துவிட்டுப் போவார். இப்போது கம்பி அதன் வழியாக வந்தது, ரவுட்டரும் அங்கேயே உட்கார்ந்தது.

நான் உள்கதவைத் திறந்தேன். உள்ளே நாலு பக்கமும் வெள்ளிக் காகிதம் ஒட்டிய குளிர்காப்புப் பலகை. நடுவில் ரவுட்டர்.*

"இது எதுக்கு?" என்றேன்.

"வெளிக்கதவு வழியாக் காத்து வருதுல்ல? அதுக்கும் குளிரும், பாவம்" என்றார் ஆர்விட். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. மாடியிலிருந்து ஐலி, "கீழ என்ன சிரிப்பு?" என்று கத்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் ரவுட்டருக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டிருக்கார்!"

"எனக்கு இத்தனை வருஷத்துல ஒண்ணு வாங்கித் தந்ததில்ல அந்த மனுஷன்!"

ஆர்விட்டின் காது சிவந்தது. அந்த இடத்தில் என் முதல் வரைவைக் கிழித்துப் போட்டேன். ஒரு பெட்டிக்குக் குளிருமே என்று கவலைப்பட்டவரை வெறும் பிடிவாதக்காரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

* தகரமும் வெள்ளிக் காகிதமும் அலையை வெளியே விடாது. கோடையில் காற்றுக்காக அந்த உள்கதவு திறந்தே கிடக்கும், வைஃபையும் ஏதோ ஓடும். குளிர்காலத்தில் மூடுவார்கள், முக்கால்வாசி செத்துப்போகும். கம்பெனிக்காரர்களை ஆர்விட் வருஷா வருஷம் திட்டிக்கொண்டிருந்தார்.

4.

பலகையைப் பிடுங்கி, ரவுட்டரை வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்தோம். கீழ்த்தளம் முழுக்கச் சிக்னல் கிடைத்தது. படிக்கட்டு அடியில் நின்றுவிட்டது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளே கம்பி வலை வைத்துக் கட்டியிருந்தார்கள், அலை அதைத் தாண்டவில்லை. மாடிக்கு ஒரு கேபிள் கொண்டுபோய், என் வீட்டில் சும்மா கிடந்த இன்னொரு வைஃபை பெட்டியை வைக்க வேண்டும், ஆனால் சுவரைத் துளைக்கக் கூடாது.

ஐலி கட்டிலிலிருந்து சொன்னாள்: "அழுக்குத் துணி போடுற குழல் இருக்கே, அது வழியா விடக் கூடாதா?"

மாடி நடையில் துணியைப் போட்டால் நிலவறையில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து விழும் குழல். ஆர்விட் முகம் மலர்ந்தது. பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் தூண்டிலை எடுத்துவந்தார். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாய் இறங்கும் இடைவெளி வழியாகக் கேபிளை அடுக்களையிலிருந்து நிலவறைக்கு இறக்கிக்கொண்டு நான் காத்திருந்தேன். மேலேயிருந்து தூண்டில் நூலின் ஈயக் குண்டு குழல் வழியாகத் தடதடவென்று வந்து விழுந்தது.

(கூடவே கைசாவின் சின்ன வயசுச் சாக்ஸ் ஒன்றும் விழுந்தது என்று எழுதியிருந்தேன். விழவில்லை. உங்களை அழவைக்க நான் போட்டது. எடுத்துவிட்டேன்.)

"மாட்டிட்டீங்களா?"

"மாட்டியாச்சு, சுத்துங்க!"

"ஏய் ஐலி, இவ்வளவு பெரிய மீன் நான் பிடிச்சதே இல்ல!"

"பொய் சொல்லாம இழு!"

நான் மேலே ஏறி வரும்போது மாடிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த நிமிஷம் மூன்று பேருக்கும் அப்படியொரு சந்தோஷம்.

5.

இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆர்விட் தன் கைபேசியில் கப்பல் இருக்கும் இடத்தைப் பார்த்தார். "கால்வாய்க்குக் கிட்ட வந்துட்டா." ஐலி தலை வாரிக்கொண்டு, சரியாகத் தெரிகிறதா என்று தன் கைபேசிக் கேமராவில் முகத்தைப் பார்த்தாள். படம் துல்லியமாக இருந்தது. ஒட்டிய கன்னம். பின்னால் மாத்திரைப் புட்டிகள். கட்டிலோரம், நடக்கப் பிடித்துக்கொள்ளும் வாக்கர்.

சீப்பைக் கீழே வைத்தாள். "ஆர்விட், அவகிட்ட நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்?"

"சுளுக்குன்னு."

"நீயும் தலையாட்டுன."

"ஆட்டுனேன்."

கைசாவுக்குச் சுக்கான் பிடிக்கும் வேலை கிடைத்த முதல் பருவம் இது. ஏரி உறைந்து கப்பல்கள் நிற்க இன்னும் சில வாரம். விஷயம் தெரிந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறங்கி வந்துவிடுவாள், அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். இதுவரை மங்கலான படம் ஐலியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"அவ முகத்தப் பாக்கணும்னு மட்டுந்தான் நெனச்சேன்" என்றாள் ஐலி. "அவளும் என்னப் பாப்பாளே, அது தோணவே இல்ல." நான் மாடிப் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தேன். கேபிளைக் கட்டியவன் நான்தானே.

6.

முடிவு (அ): வாக்கரை நடையில் தள்ளிவிடுகிறார்கள். ஐலி சிரிக்கிறாள். கைசா, "சும்மா சளிம்மா" என்கிறாள். அது சளிதானா என்பது ஐலிக்குத்—

முடிவு (ஆ): வாக்கர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கைசா அதைப் பார்க்கிறாள். அவள் முகம்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் கைசாவின் முகத்தில் பேனா நின்றுவிடுகிறது.

நடந்தது இவ்வளவுதான். கைபேசி அடித்தது. ஐலி, "அத அந்தப் பக்கம் தள்ளு" என்றாள். ஆர்விட் வாக்கர்மேல் கை வைத்தார், தள்ளவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னால் முடியவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன்.

இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள். வாக்கர் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. திரையில் கைசாவின் பெயர், மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. சிக்னல் முழுசாக இருக்கிறது, இந்த முறை ரவுட்டரைக் குறை சொல்ல முடியாது.