மெர்லின் அனுப்பிய பாட்டு

காரில் ஏறுகிறவர் கதவைச் சாத்துகிற விதத்தை வைத்தே ரெக்ஸ் பாட்டைத் தீர்மானித்துவிடுவான். மெதுவாகச் சாத்துகிறவர்களுக்கு வீணையோ புல்லாங்குழலோ. சாத்திய கையோடு போனை எடுப்பவர்களுக்கு எதுவும் வேண்டாம். சனி, ஞாயிறில் சென்னையிலிருந்து வருகிற கூட்டத்துக்குப் புதுப்பாட்டு, சத்தம் கொஞ்சம் தூக்கலாக. இருந்தாலும் "என்ன பாட்டு போடட்டுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போடமாட்டான். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே மூன்று வருடமாக டாக்ஸி ஆப்பில் கார் ஓட்டுகிறான்.

வீட்டில் மனைவி மெர்லின் இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை. மாதா கோயில் திருவிழாப் பூசையில் அவள் முதல்முறையாகத் தனியாகப் பாடப்போகிறாள். அந்தப் பாட்டைப் பாடி, பதிவு செய்து, அவன் போனுக்கு அனுப்பியிருந்தாள்.

"கேட்டீங்களா?"

"எங்க கேக்கறது, காலையிலேர்ந்து வண்டியில ஆளுங்க."

மறுநாளும் அதையே சொன்னான். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் பேச்சை நிறுத்திய மூன்றாம் நாள் சாயங்காலம் ஆரோவில்லிலிருந்து மரக்காணத்துக்கு தமிழ்நிலா என்ற பெயரில் அழைப்பு வந்தது. போனால் ஊதுபத்தி கம்பெனி வாசலில் இரண்டு பெண்கள். ஒருத்தி அங்கே வேலை பார்க்கும் மெர்லின். கம்பெனி வேன் ரிப்பேர். கூட நின்ற தமிழ்நிலா அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். ரெக்ஸை அவளுக்குத் தெரியாது. மெர்லின் பின்சீட்டில் ஏறி, கதவை அடித்துச் சாத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு ரெக்ஸிடம் பாட்டு இல்லை. பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான். "என்ன பாட்டு போடட்டுங்க?"

"எதுனா போடுங்கண்ணா" என்றாள் தமிழ்நிலா.

மெர்லின் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "டிரைவருக்குப் பாட்டு கேக்கறதுக்கெல்லாம் நேரம் இருக்குதா?"

"ஏன்க்கா, பாவம் அவரு."

பெரிய முதலியார்சாவடியைக் கார் தாண்டியது. ரெக்ஸ் வண்டியை ஓரம் கட்டி, போனில் அந்தப் பதிவைத் தேடி எடுத்துப் போட்டான்.

ஸ்பீக்கரில் மெர்லினின் குரல் வந்தது. "ஏங்க, மூணாவது அடியில எனக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது. வெளிய தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க. உங்ககிட்டதான் கேக்கறேன், வேற யார்கிட்டயும் கேக்கல."

பிறகு பாட்டு. நடுவில் குக்கர் விசில் அடித்தது. அவள் நிறுத்தாமல் பாடினாள். ரெக்ஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பாட்டு போட்டவன் இந்த மூன்று நிமிஷத்தைக் கேட்காமல் விட்டது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

தமிழ்நிலா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, இது உங்க குரல்தானே. அப்ப இவரு..."

"எங்க வீட்டுக்காரரு. ரெண்டு நாளா எனக்குத் தெரியாதவரு."

ரெக்ஸ் மூன்றாவது அடியை மட்டும் திரும்பப் போட்டான். "தெரியுது மெர்லின். ரெண்டாவது அடிக் கடைசியில ரொம்ப இழுக்கற. அங்கயே மூச்சு தீர்ந்துடுது."

"சும்மா நல்லாருக்குன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

"நல்லாதான் இருக்குது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அன்னைக்கே கேட்டுருக்கணும்."

கார் கிளம்பிச் சற்று நேரத்தில் மெர்லின் தாழ்ந்த குரலில் பாடிப் பார்த்தாள். இரண்டாவது அடியைச் சீக்கிரமே விட்டாள். மூன்றாவது அடி தடங்கலில்லாமல் போயிற்று.

"இன்னொரு வாட்டிக்கா" என்றாள் தமிழ்நிலா.

உப்பளங்கள் வருவதற்குள் நாலு வாட்டி ஆகிவிட்டது. பாத்தியோரம் குவித்த உப்பின் மேல் ஓலை மூடிக்கொண்டிருந்த பெண்கள், பாட்டுச் சத்தம் கேட்டுக் காரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் தமிழ்நிலா இறங்கினாள். "திருவிழாவுக்கு நானும் வரட்டுமாக்கா?"

"வா. வீட்லயே சாப்பிடலாம்."

அவள் திண்டிவனம் பஸ்ஸில் ஏறியதும் மெர்லின் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஆறு மணிக்கு கோயில்ல ஒத்திகை இருக்குது. நீங்க கடைசி பெஞ்சில உக்காந்து கேளுங்க. அங்க வரைக்கும் குரல் வருதான்னு பாக்கணும்."

ரெக்ஸ் ஆப்பை நிறுத்திவிட்டுக் கோயில் பக்கம் வண்டியைத் திருப்பினான்.