பாதியில் நின்ற சாட்சியம்

மலேசியாவில் ரெம்பாவுக்கு அருகே செர்மாய் தோட்டத்தில் மிச்சமிருந்த பதினொரு குடும்பங்களின் வழக்கு, 2020 மார்ச் இருபத்து நான்காம் தேதி விசாரணைக்கு வருவதாக இருந்தது. தோட்டத்தை வாங்கிய புதுக் கம்பெனி, வீடுகளைக் காலி செய்யும்படி நோட்டீஸ் கொடுத்திருந்தது. பழைய நிர்வாகம் அந்த வீடுகளைத் தங்களுக்கே தருவதாக வாக்களித்தது என்று குடும்பங்கள் கூறின. அந்த வாக்கு காகிதத்தில் இல்லை. 1999இல் பழைய மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை மறுநடவு தொடங்கிய நாளில், காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்ட மேலாளரான பெரிய தொரை வாயால் சொன்னது.

தொரை மலாயில் பேசினார். அவருக்கு அடங்கிய குரல். பக்கத்தில் நின்ற, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா அதைத் தமிழில் உரக்கத் திருப்பிச் சொன்னார். களத்தில் நின்ற அறுபது பேரும் கேட்டது முருகையாவின் குரலைத்தான். தொரை இறந்து பல வருடமாகிவிட்டது. அன்று உடனிருந்த ஆபீஸ் கணக்கர், கிராணி செல்வநாயகமும் இப்போது இல்லை. தொரையின் சொல்லைத் தன் காதால் கேட்டவர் என்று உயிரோடிருந்தது முருகையா ஒருவர்தான். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது கொரோனாவால் நாடு மூடப்பட்டது. வழக்கை ஆகஸ்டுக்குத் தள்ளினார்கள். ஆகஸ்டில், தேங்கிக் கிடந்த வழக்குகள் முந்திக்கொண்டதால் ஜனவரிக்குப் போனது. ஜனவரியில் மறுபடியும் எம்சிஓ என்ற நடமாட்டத் தடை. கடைசியில் 2021 ஜூலை பதினைந்து என்று கடிதம் வந்தது. இந்த முறை யாரும் நீதிமன்றத்துக்கு வரவேண்டாம், எல்லாம் ஜூமில். சாட்சி தனி அறையில் இருக்க வேண்டும். பக்கத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது. கையில் குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது.

குடும்பங்களின் வழக்கறிஞர் விஜிதா சிரம்பானிலிருந்து முருகையாவின் மகள் ரதிக்கு போன் செய்து இதையெல்லாம் விளக்கினார்.

"தோட்டத்துல இன்டர்நெட் லைன் சரியில்லன்னு எனக்குத் தெரியும் ரதி. அப்பாவ என் ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்திருங்க. மாவட்டம் தாண்டுறதுக்கு போலீஸ் கடிதம் வேணும். கோர்ட் நோட்டீஸக் காட்டினா குடுப்பாங்க."

ரதி அந்தக் கடிதத்துக்காக ரெம்பாவ் போலீஸ் நிலையத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்றாள். ஜூலை எட்டாம் தேதி கடிதம் கிடைத்தது. மறுநாள் முருகையாவுக்கு இருமல் தொடங்கியது. பத்தாம் தேதி அவரை ஆம்புலன்சில் சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். பன்னிரண்டாம் தேதி தோட்டத்தின் வாசலில் முள்கம்பி போட்டார்கள். இருபத்தொரு பேருக்குத் தொற்று. யார் கொண்டுவந்தது என்று ரதியிடம் யாரும் கேட்கவில்லை. கையுறைத் தொழிற்சாலைக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தது அந்த லயத்து வீட்டு வரிசையில் அவள் ஒருத்திதான்.

அவளுக்குத் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் தொற்றியவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்பதால் மணிக்கட்டில் இளஞ்சிவப்புப் பட்டை கட்டி, பத்து நாள் வீட்டைவிட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிப் போனார்கள்.

பதினைந்தாம் தேதி காலை ஏழரை மணிக்கு விஜிதாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: அவசரம், எங்கிருந்தாவது பேசுங்கள். போனில் சிக்னல் சரியாகக் கிடைப்பது தோட்டத்து வாசலுக்குப் பக்கத்தில் மட்டும்தான். ரதி பட்டையைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே நடந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் காவலுக்கிருந்த போலீஸ்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டார்.

"வீட்டில் இருக்க வேண்டியவள் நீ" என்றார் மலாயில்.

"இன்றைக்கு கோர்ட்டு, என்சிக், ஐயா. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து பேசப் போகிறார்."

அவர் எழுந்துகொண்டார். பிறகு தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பிக்கு மேலாகத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் போனார்.

விஜிதாவின் குரல் தணிந்திருந்தது.

"ரதி, டாக்டர் கூப்பிட்டாரு. அப்பாவுக்கு ஆக்சிஜன் ஏத்தியும் நிக்கல. சாயங்காலத்துக்குள்ள டியூப் போடவேண்டி வரலாம்னு சொல்றாரு. போட்டா அதுக்கப்புறம் பேச முடியாது."

"பொழைச்சிருவாருல்ல?"

"தெரியாதுன்னுதான் சொன்னாரு. படுக்கையிலருந்தே சாட்சி சொல்ல அனுமதி கேட்டு நேத்தே மனுப் போட்டேன். நீதிபதி ஒத்துக்கிட்டாரு. இப்படி ஒரு மனு அவருக்கும் புதுசு. அரை மணி நேரம்தான். டாக்டர் நிறுத்தச் சொன்னா உடனே நிறுத்திடணும். அப்பாகிட்ட கேட்டாச்சு, பேசுறேன்னாரு. ஆனா வீட்டு ஆளோட சம்மதமும் வேணும்னு டாக்டர் சொல்றாரு. உங்க தம்பி சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டாரு. நீங்கதான் சொல்லணும்."

"பேசினா இன்னும் மோசமாயிருமா மேடம்?"

"ஆகலாம்."

ரதி திரும்பிப் பார்த்தாள். லயத்தின் வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். இன்று என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டு முத்தாயி குளித்து, திருநீறு பூசி, படியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருடமாக யாரும் ரதியை நெருக்கியதில்லை. "அப்பா நல்லா இருக்காரா" என்று மட்டும் கேட்பார்கள்.

"சரி, பேசட்டும்" என்றாள்.

ஒன்பது மணிக்கு ரதியின் போன் திரையில் கட்டங்கள் திறந்தன. ஒன்றில் நீதிபதி. ஒன்றில் விஜிதா. ஒன்றில் கம்பெனியின் வழக்கறிஞர் கிருபானந்தன், நரைத்த தலை, பின்னால் புத்தக அலமாரி. ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். கடைசியாகத் திறந்த கட்டத்தில் முதலில் கூரை தெரிந்தது. பிறகு போன் சாய்ந்து, மூக்கிலும் வாயிலும் மாஸ்க் போட்டுப் படுத்திருந்த முருகையா தெரிந்தார். அப்பாவின் மீசையை மழித்திருந்தார்கள். ரதிக்கு அவரை அடையாளம் காண ஒரு கணம் ஆனது.

பக்கத்தில் யாராவது சொல்லிக்கொடுக்க முடியும் என்று கிருபானந்தன் ஆட்சேபித்தார். நீதிபதி போனை வார்டு முழுக்க ஒருமுறை சுற்றிக் காட்டச் சொன்னார். பாதுகாப்பு உடைக்குள் இருந்த நர்ஸ் மிஸ்ஸி அப்படியே செய்தாள். வரிசையாகக் கட்டில்கள். குப்புறப் படுத்துக் கிடந்த ஆட்கள். ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது. போதும் என்றார் நீதிபதி.

விஜிதா சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டார். முருகையா மாஸ்கை விலக்கி நாலைந்து சொல் சொல்வார், மறுபடி மாஸ்கைப் போட்டு மூச்சு வாங்குவார். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் அந்த நாலு சொல்லை மாற்றிச் சொல்லிவிடுவார்.

"அன்னிக்கி தொரை என்ன சொன்னாரு?"

"மறுநடவு முடியிற வரைக்கும்... எங்கயும் போவாதீங்கன்னாரு." மூச்சு. "போவாம இருந்து வேலை செஞ்சா... இந்த வீட்ட ஒங்களுக்கே தர்றேன்னாரு."

"நீங்க அதத் தமிழ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். அத நம்பித்தான்... ஒருத்தரும் வேற தோட்டத்துக்குப் போவல."

பதினான்கு நிமிடத்தில் விஜிதா முடித்துக்கொண்டார். கிருபானந்தன் தமிழிலேயே வணக்கம் சொல்லித் தொடங்கினார். அவர் கடுமையாகப் பேசவில்லை.

"ஐயா, உங்களுக்கு முடியாம இருக்கு, தெரியுது. ஒரே ஒரு விஷயம். தொரை மலாய்ல சொன்ன அந்த வார்த்தைய அப்படியே சொல்ல முடியுமா?"

முருகையா மாஸ்கை விலக்கினார். "ரூமா இனி... சாயா காசி காமு."

இந்த வீட்டை நான் உங்களுக்குக் கொடுக்கிறேன். ரதி சின்ன வயதிலிருந்து கேட்ட வாக்கியம்.

"அத்தோட நிறுத்திட்டாரா? இல்ல, கடைசியில 'டுடோக்'னு ஒரு வார்த்தை சொன்னாரா? 'காசி காமு டுடோக்'னு சொன்னா, இருக்க விடுறேன்னுதான் அர்த்தம். குடுக்குறேன்னு இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

முருகையா உடனே பதில் சொல்லவில்லை. கண்ணை மூடினார். அந்த மௌனம் யோசனையா, மூச்சுத் திணறலா என்று ரதிக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து மாஸ்கில் கை வைத்தார்.

"தொரை சொன்னது..."

இருமல் வந்தது. நிற்கவில்லை. எங்கேயோ ஒரு கருவி விடாமல் கத்தத் தொடங்கியது. போன் சாய்ந்து போர்வையைக் காட்டியது. ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் நிறுத்தச் சொன்னது. கட்டம் கறுத்துப்போனது.

நீதிபதி, சாட்சி தேறியதும் குறுக்கு விசாரணை தொடரும் என்று சொல்லி ஒத்திவைத்தார்.

பதினோரு மணிக்கு மிஸ்ஸி வீடியோவில் கூப்பிட்டாள். டியூப் போடப் போகிறோம், இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றாள். ரதி இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தாள். முருகையா அவளைப் பார்த்ததும் மாஸ்கை விலக்கினார்.

"ரதி... அந்த லாயர் கேட்டாருல்ல..."

"வேணாம்பா. மூச்ச வீணாக்காதீங்க."

"இல்லம்மா, அன்னிக்கி..."

"அதெல்லாம் எந்திரிச்சு வந்து சொல்லலாம்பா. பேசாதீங்க. மாஸ்க்கப் போடுங்க."

அவர் மகள் சொன்னபடி மாஸ்கைப் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த நேரம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முருகையா எழுந்து வரவில்லை. ஆறாம் நாள் இறந்தார். தோட்டம் இன்னும் கம்பிக்குள்தான் இருந்தது. ஒருவருக்கு மட்டும் அனுமதி என்று சுகாதார அலுவலகம் சொன்னது. ரதி போலீஸ் காரின் பின்னால் ஒரு வேனில் சிரம்பான் மின்சுடலைக்குப் போனாள். உடலைச் சுற்றிய பையைத் திறக்கக்கூடாது. இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். அவள் கொண்டுபோயிருந்த வேட்டியைப் பையின் மேலே வைத்தார்கள். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. சிங்கப்பூரிலிருந்த தம்பி சசிதரன் போனில் பார்த்தான்.

தீர்ப்பு நவம்பர் கடைசியில் வந்தது. அப்போது ஊர் திறந்திருந்தது. ரதி விஜிதாவின் ஆபீசில், அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து திரையில் கேட்டாள். நீதிபதி நிதானமாக வாசித்தார். உயிருக்குப் போராடிய ஒருவர் பேசுவதற்காக நீதிமன்றம் தன் விதிகளைத் தளர்த்தியது, அது சரி என்றே இப்போதும் கருதுகிறேன் என்றார். ஆனால் எதிர்த்தரப்பு கேட்ட முக்கியமான கேள்விக்குப் பதில் வரவில்லை, குறுக்கு விசாரணை முடியாத சாட்சியத்தை மட்டும் வைத்து ஒரு நிலத்தைக் கைமாற்றும் அளவுக்கு விதியைத் தளர்த்த எனக்கு அதிகாரமில்லை என்றார். குடும்பங்கள் காலி செய்ய வேண்டும். தொற்றுக் காலம் என்பதால் ஆறு மாத அவகாசம்.

விஜிதா மடிக்கணினியை மூடினார். பிறகு கேட்டார்.

"ரதி, அதுக்கப்புறம் அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொல்ல வந்தாரு மேடம். நாந்தான் சொல்ல விடல."

"சொல்லியிருந்தாலும் கோர்ட் எடுத்துக்காது. அப்பா சொல்லிக் கேட்டத நீங்க போய்ச் சொன்னா அது சாட்சியம் ஆகாது."

ரதி தலையாட்டினாள். ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

"அன்னிக்கி நான் மனுப் போட்டிருக்கக் கூடாதோன்னு சில நேரம் தோணுது" என்றார் விஜிதா.

"நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது மேடம்."

 விஜிதா அவளை பஸ் நிலையம்வரை காரில் கொண்டுவந்து விட்டார்.

அடுத்த மே மாதம் லாரிகள் வந்தன. சிலர் ரெம்பாவிலேயே வாடகைக்கு வீடு பார்த்தார்கள். சிலர் மகன், மகள் வீடுகளுக்குப் போனார்கள். ரதிக்கு மந்தின் ஊரில் கடைவரிசைக்கு மேலே ஓர் அறை கிடைத்திருந்தது. தன் சாமான்களை ஏற்றி முடித்துவிட்டு, முத்தாயிக்கு உதவப் போனாள். முத்தாயி ஒற்றை ஆள். பீரோவை வெளியே நகர்த்தும்போது, ரதியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன் ரதி, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே? அன்னிக்கி பெரட்டுல ஒங்கப்பா சரியாத்தான் திருப்பிச் சொன்னாரா? இல்ல, நம்மள நிறுத்தி வைக்கணும்னு கூட ஒரு வார்த்தை போட்டுட்டாரா? நாங்க போயிருந்தா அப்பவே வேற எங்கயாச்சும் ஒரு வீடு வாங்கியிருப்போம்லா."

ரதிக்குக் கோபம் வரவில்லை. பத்து மாதமாக அவளும் இதையேதான் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூடிய கண்களையும், மாஸ்கின் மேல் போன கையையும் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அது ஒரு பதில் போலத் தெரியும். இன்னொரு நாள் இன்னொரு பதில் போல.

"எனக்குத் தெரியல சின்னம்மா" என்றாள்.

 இருவருமாகப் பீரோவைப் படியிலிருந்து இறக்கினார்கள். லாரிக்காரர் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டினார். முத்தாயி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். லாரி செம்பனை வரிசைகளுக்கு நடுவே மெதுவாக இறங்கிப் போனது. ரதி தன் லாரிக்குத் திரும்பி நடந்தாள்.